வைகாசியில் வெட்டாத ரோஜா

நான் கல்யாணமாகி அந்த வீட்டுக்குள் வலது காலை எடுத்து வைத்தபோதே அங்கே எனக்கு ஒரு மூத்தாள் இருந்தாள். கொல்லைப்புறத்தில், கிணற்றடியிலிருந்து மாட்டுக்கொட்டகை வரைக்கும், முள்ளும் இலையுமாக வரிசை கட்டி நின்றாள். என் வீட்டுக்காரர் காலையில் அவள் முகத்தில்தான் விழிப்பார். பல் துலக்குவதற்கு முன்னால் செடி செடியாகக் குனிந்து, இலையைப் புரட்டிப் பூச்சி பார்ப்பார். எனக்கு ஒரு தடவை காய்ச்சல் வந்து படுத்தபோது, "கஷாயம் குடி" என்று நிலைப்படியில் நின்றே சொல்லிவிட்டுப் போனவர், ரோஜா இலையில் கரும்புள்ளி விழுந்தால் மட்டும் அன்று முழுக்கச் சோறு இறங்காமல் இருப்பார். நிஜமான சக்களத்தி என்றால் தலைமுடியைப் பிடித்துச் சண்டை போடலாம். இவளைத் தொட்டால் என் கையில்தான் ரத்தம் வரும்.

பாகூர் ஏரித் தண்ணீர் பாய்கிற ஊர் எங்களுடையது. பிரெஞ்சுக்காரன் ஆண்ட காலம். நெல்லும் கரும்பும் எங்களுக்குச் சோறு போட்டன. அவற்றை என் வீட்டுக்காரர் வரப்பில் நின்று ஒரு பார்வை பார்ப்பதோடு சரி. கல்யாணத்துக்கு முன்னால் சில வருஷம் சைகோனில் ஒரு வெள்ளைக்காரன் கடையில் குமாஸ்தாவாக இருந்தவர் அவர். கப்பலேறிப் போனவர்கள் எல்லாரும் பெட்டி பெட்டியாகப் பட்டும் பொன்னும் கொண்டு வந்து இறக்கியதாக ஊரில் பேச்சு. இவர் இறக்கியவை ஒரு வெள்ளைத் தொப்பி, ஒரு புட்டி கொலோன் தண்ணீர், ஒரு செக்கத்தேர். செக்கத்தேர் என்றதும் பயந்துவிட வேண்டாம். செடி வெட்டுகிற கத்தரிக்கோல்தான். கிளி மூக்கு மாதிரி வளைந்திருக்கும். பிரெஞ்சுப் பெயர் வைத்ததால் மதிப்பு கூடிவிட்டது. அதற்கு ஒரு தோல் உறை, உறைக்கு ஒரு பித்தளைப் பொத்தான். இடுப்பு வாரில் அதை மாட்டிக்கொண்டுதான் சாப்பிடக்கூட உட்காருவார். இவற்றோடு உலகத்திலுள்ள எல்லா விஷயத்தைப் பற்றியும் ஒவ்வொரு அபிப்பிராயமும் சைகோனிலிருந்து வந்திருந்தது. அதற்கு எந்தத் துறைமுகத்திலும் தீர்வை போடவில்லை.

எங்கள் ஊர்க் களிமண்ணில் நெல் விளையும், ரோஜா அழுகும். இது தெரிந்த மனிதர் நெல்லைப் போட்டுவிட்டுச் சும்மா இருப்பார். இவர் செம்மண்ணுக்கு வண்டி பூட்டினார். செம்மண் கிடைப்பது இங்கிலீஷ்காரன் எல்லையில். எங்கள் பக்கம் எந்தத் திசையில் கொஞ்சம் நடந்தாலும் எல்லை குறுக்கே வந்துவிடும். எல்லையில் சாவடி, சாவடியில் சேவகன். சாராயம் கடத்துகிறவனை அந்தச் சேவகன் பார்த்திருக்கிறான், மண்ணைக் கடத்துகிறவனைப் பார்த்ததில்லை. இரும்புக் கம்பியால் வண்டியைக் குத்திக் குத்திப் பார்த்தானாம்.

"உள்ள இன்னாய்யா கீது?"

"மண்ணு."

"மண்ணுக்கு உள்ள?"

"அதுவும் மண்ணுதான்."

சேவகன் நம்பவில்லை. நடு வெயிலில் வண்டி மண் முழுவதையும் ரோட்டில் கொட்டச் சொல்லி, கிளறிப் பார்த்து, திரும்ப அள்ளிப் போட வைத்தான். வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரர், "இங்கிலீஷ்காரனுக்கு நாகரிகம் பத்தாது" என்று அபிப்பிராயம் சொன்னார்.

மண் வந்ததும் எரு. தொழுவத்தில் சாணம் குவிந்து கிடக்கிறதே என்றேன். அது பூசணிக்கொடிக்குப் போதுமாம், ரோஜாவுக்கு மீன் கழிவு வேண்டுமாம். எங்கள் வீடு சுத்த சைவம். மாமியார் முட்டை வியாபாரி தெருவில் போனாலே கதவைச் சாத்துகிறவர். அந்த வீட்டுக் கொல்லைக்கு ஒரு மீன்காரி வாடிக்கையாக வர ஆரம்பித்தாள். வீராம்பட்டினத்தில் பிறந்து, எங்களுக்குக் கிழக்கே கடலோரக் குப்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். மீன் விற்று முடித்த கூடையில் தலையும் குடலுமாகக் கொண்டு வந்து, படலைத் திறந்து கொட்டிவிட்டுப் போவாள். மாமியார் உடனே போய்த் தலை முழுகுவார். என் வீட்டுக்காரர் கொலோன் நனைத்த கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு மீன் தலையாக வேரடியில் புதைப்பார். ராத்திரி ஊர்ப் பூனைகள் கூடித் தோண்டும். காலையில் மறுபடி புதைப்பார்.

"யம்மா, ஐயா வூட்டு ரோசாவ மோந்து பாத்தா கவுச்சி அடிக்குமா?" என்று மீன்காரி ஒரு நாள் என்னிடம் கேட்டாள்.

அடிக்கவில்லை. உண்மையைச் சொன்னால் எந்த வாசனையுமே அடிக்கவில்லை. நம் ஊர்ப் பன்னீர் ரோஜா ஒன்று பூத்தால் தெருவுக்கே தெரியும். இவருடையது புதுச்சேரியில் வெள்ளைக்காரர் வீட்டுத் தோட்டத்திலிருந்து கட்டுக் கட்டாகக் குச்சி வாங்கி வந்து வைத்த சீமை ரோஜா. உள்ளங்கை அகலத்துக்குப் பூக்கும். மூக்கருகே கொண்டுபோனால் ஒன்றும் இருக்காது. மூக்கருகே கொண்டுபோகவும் விடமாட்டார். கல்யாணமான புதிதில் ஒரு மொட்டுக்கு ஆசைப்பட்டு நான் கையை நீட்டினேன்.

"பூ செடியில இருந்தாத்தான் அழகு. தலையில வெச்சா ஒரு வேளையில வாடிப்பூடும்" என்றார்.

புதுப் பெண்டாட்டியிடம் சொல்ல எவ்வளவு இதமான பேச்சு. அன்றிலிருந்து கனகாம்பரமே போதும் என்று இருந்துவிட்டேன். அதற்கும் மணம் கிடையாது, ஆனால் அபிப்பிராயமும் கிடையாது.

அப்படியானால் அந்த ரோஜாவெல்லாம் யாருக்கு? குடியரசுக்கு. பிரெஞ்சுக்காரனின் தேசியத் திருநாளான ஜூலை பதினாலு அன்று புதுச்சேரியிலிருந்து ஒரு வெள்ளைக்கார அதிகாரி பாகூருக்கு வருவார். ஊர் நிர்வாக ஆபீஸான கொம்யூன் கச்சேரியில் மூவர்ணக் கொடி ஏறும். சாக்கு ஓட்டம் நடக்கும், பொழுது சாய்ந்ததும் வாணம் விடுவார்கள். அதிகாரியின் மேசைமேல் ஒரு கண்ணாடிச் சாடி இருக்கும், சாடியில் எங்கள் வீட்டு ரோஜா இருக்கும். கொம்யூனுக்குத் தலைவரான மேர் அதைக் காட்டி என்னவோ சொல்வார், அதிகாரி தலையை ஆட்டுவார். அந்த ஒரு தலையாட்டலுக்காக நாங்கள் வருஷம் முழுக்க மீன் தலை புதைத்தோம்.

பூ சரியாக அந்தச் சமயத்தில் மலர வேண்டுமென்றால், கத்திரி வெயில் தணிந்ததும் வைகாசிக் கடைசியில் செடியை வெட்டிவிட வேண்டும். நுனியைக் கிள்ளுவதல்ல. இடுப்பளவுச் செடியை முழங்காலுக்குக் கீழே மொட்டையடிப்பது. அப்படி வெட்டினால்தான் புதுக் கொப்பு வரும், புதுக் கொப்பில்தான் பெரிய பூ வரும். வெட்டாமல் விட்டால் செடி சாட்டை சாட்டையாக நீண்டு, நுனியில் சட்டைப் பொத்தான் அளவுக்குப் பூத்து நிற்கும். ரோஜா விஷயத்தில் அவர் சொன்னதெல்லாம் பெரும்பாலும் சரியாகவே இருந்தது. அதுதான் எனக்கு எரிச்சல்.

ஆனால் எங்கள் பக்கத்தில் வேறு ஒரு வழக்கம் உண்டு. பெண்சாதி வயிற்றில் பிள்ளை இருக்கும்போது புருஷன் பச்சை மரத்தில் கத்தி வைக்கக்கூடாது. பூக்கிற செடி என்றால் கேட்கவே வேண்டாம். வெட்டினால் வயிற்றில் இருப்பது தங்காது என்பார்கள். பெண்சாதி உண்டாகியிருக்கிற ஆள் வேலியில் ஒரு முருங்கைக் கிளையைக்கூட வெட்டமாட்டான், பக்கத்து வீட்டுக்காரனைக் கூப்பிடுவான். யாரும் ஏன் என்று கேட்டதில்லை.

என் வீட்டுக்காரர் கேட்டார். "சைகோன்ல அத்தன பேரு புள்ள பெத்துக்கினாங்க. எவன் கத்திய கீழ வெச்சான்?" என்றார். அங்கே ஒவ்வொரு பிரசவத்துக்கும் பக்கத்தில் நின்று பார்த்தவர் மாதிரிதான் பேச்சு.

எனக்கு முதல் தடவை உண்டானது தையில், போனது மாசியில். அதற்கு ரோஜாவைக் குற்றம் சொல்ல முடியாது, அது வெட்டுகிற காலமே அல்ல. இரண்டாவது வைகாசிவரை நின்றது. வயிறு வெளியே தெரிய ஆரம்பித்திருந்தது. மாமியார் மகனிடம், "இந்த வருசம் ஒண்ணும் வெட்ட வேணான்டா" என்றார். அவர் சிரித்தார், வெட்டினார். அந்த வாரத்துக்குள்ளேயே எனக்கு வலி கண்டது.

மாமியார் ஒரே ஒரு தடவைதான் அதைப் பற்றிப் பேசினார். "பச்சையில கத்தி வெக்காதடான்னு சொன்னேன். கேட்டானா?" என்றார். அதற்கு மகன், உடம்புச் சூடு, கிணற்றுத் தண்ணீர், கொசு என்று காரணங்களை அடுக்கினார். நாலும் தெரிந்தவர் அல்லவா. அந்த வருஷம் சாடி நிறையப் பூ போயிற்று, அதிகாரி தலையை ஆட்டினார். நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தேன். அவர்மேல் எனக்கு அப்போது இருந்தது கோபம் என்று சொன்னால் அது ரொம்பச் சின்னச் சொல்.

வெட்டியதால்தான் போயிற்று என்று நான் நம்பினேனா? இன்றுவரை எனக்கே தெரியாது. அதன் பிறகு அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. எதைப் பற்றியும் அபிப்பிராயம் வைத்திருந்த மனிதர், அதைப் பற்றி மட்டும் வாயைத் திறக்கவில்லை. கல் நெஞ்சு என்று முடிவு கட்டிக்கொண்டேன்.

அப்புறம் சில வருஷம் ஒன்றுமில்லை. ரோஜா மட்டும் தவறாமல் பெற்றுப் போட்டுக்கொண்டிருந்தது. பிறகு ஒரு கார்த்திகையில் நான் மூன்றாவது தடவை உண்டாகியிருப்பது தெரிந்தது.

இந்தத் தடவை எனக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான், இது தங்க வேண்டும். வழக்கத்தில் உண்மை இருக்கிறதா இல்லையா என்று வயிற்றில் இருப்பதை வைத்துச் சோதித்துப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. வாய்விட்டு, "வெட்டாதீங்க" என்று கேட்டிருக்கலாம். கேட்டால் சைகோன் வரும். அதைவிட, நான் கேட்காமலே அவராக நிறுத்த வேண்டும் என்று எனக்கு ஒரு வீம்பு. அவர் முகத்தையும் இடுப்பில் தொங்குகிற உறையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே பங்குனியும் சித்திரையும் கழிந்தன.

அவர் நிறுத்துகிறவராகத் தெரியவில்லை. வைகாசியில் மேர் வீட்டுக்கு வந்தார். மேர் வந்தால் வாசலில் நாற்காலி போடுவார்கள், என் வீட்டுக்காரர் தொப்பியோடு உட்காருவார்.

"இந்த வருசம் பூ உண்டா? வூட்ல உண்டாயிருக்காங்கன்னு கேள்விப்பட்டேன்" என்றார் மேர்.

"அதெல்லாம் பாத்துக்கினு இருந்தா ரோஜா வளக்க முடியுமா? வர்ற ஞாயித்துக்கெழம வெட்டிடுவேன்" என்று சொல்லி, இவர் உறையைத் தட்டினார். உள்ளே இரும்பு அசைகிற சத்தம் கதவுக்குப் பின்னால் நின்ற எனக்குக் கேட்டது. வயிற்றுக்குள் குழந்தை புரண்டது.

சனிக்கிழமை அவர் எண்ணெய் தேய்த்துக் குளிக்கப் போனார். வாரைக் கழற்றி ஆணியில் மாட்டியிருந்தார். நான் உறையை அதிலிருந்து உருவினேன். நல்ல கனம். பழம்புடவைத் துணியில் சுற்றி, சமையலறை அடுக்குப் பானையின் அடிப்பானையில், கேழ்வரகுக்குள் ஆழப் புதைத்தேன். மீன் தலை புதைப்பதை அத்தனை வருஷம் பார்த்ததில் கைக்குப் பழக்கம் வந்திருந்தது. பொத்தானைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. அந்தச் சனியனின் முகத்தைப் பார்க்க எனக்கு விருப்பமில்லை.

ஞாயிற்றுக்கிழமை வீடு இரண்டுபட்டது. "எங்க என் செக்கத்தேரு? எவன் எடுத்தான்?" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினார். கட்டிலுக்கு அடியில் பார்த்தார், வைக்கோற்போரைக் கலைத்தார், கழுநீர்த் தொட்டியில் கையை விட்டார். கிணற்றுக்குள் பாதாளக் கரண்டியை இறக்கித் துழாவி, எப்போதோ தொலைந்த ஒரு வாளியைக் கண்டெடுத்தார். அடுக்குப் பானை பக்கம் மட்டும் வரவில்லை. வீட்டில் அப்படி ஒன்று இருப்பதே ஆண்பிள்ளைக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன்.

விஷயம் தெரிந்து, அரிவாளால் வெட்டிவிடச் சொல்லி மேர் ஆள் அனுப்பினார். "அரிவா பட்டா தண்டு நசுங்கிப்பூடும். அது காட்டுமிராண்டி வேல" என்று சொல்லி என் வீட்டுக்காரர் ஆளைத் திருப்பி அனுப்பினார். புதிதாக ஒன்று வாங்கப் புதுச்சேரிக்கும் போகவில்லை. கஞ்சத்தனம் என்று நினைத்தேன். அவருடைய கஞ்சத்தனத்துக்கு நான் மனதார நன்றி சொன்னது அந்த ஒரு தடவைதான்.

ஜூலை பதினாலும் வந்தது. செடிகள் மாட்டுக்கொட்டகைக் கூரைக்கு எட்டியிருந்தன. அதிகாரியின் மேசைச் சாடியில் பொத்தான் பொத்தானாக ஒரு பிடிப் பூ. இது என்ன என்று மேர் கேட்டிருக்கிறார். என் வீட்டுக்காரர் தொப்பியைச் சரி செய்துகொண்டு, "இப்பல்லாம் பாரீஸ்ல ரோஜாவ வெட்றதே இல்ல. இதான் புது முற" என்றாராம். அதிகாரிக்கும் அதை மொழிபெயர்த்துச் சொன்னார்கள். பாரீஸில் இப்போது என்ன நடக்கிறதென்று அந்த மனிதருக்கு மட்டும் என்ன தெரியும்? வழக்கம்போல் தலையை ஆட்டினார். அடுத்த வருஷம் மேர் தம் வீட்டு ரோஜாவை வெட்டாமல் விட்டார். அவரைப் பார்த்துப் பாகூரில் ரோஜா வைத்திருந்த பெரிய மனிதர்கள் எல்லாரும் வெட்டாமல் விட்டார்கள். ஊரே சாட்டை வளர்த்தது.

ஆடி பிறந்ததும் எனக்குப் பெண் பிறந்தாள். பிறந்ததும் வீறிட்டாள். அந்தச் சத்தத்தைக் கேட்டு நான் கேவிக் கேவி அழுதேன். மருத்துவச்சி வெளியே போய்ச் சொல்லி அவரை உள்ளே விட்டாள். எட்டிப் பார்த்தார். அபிப்பிராயம் ஒன்றும் சொல்லவில்லை. திரும்பிக் கொல்லைப் பக்கம் போய்விட்டார். மூத்தாளுக்குத் தகவல் சொல்லப் போகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

தீட்டுக் கழிந்து நான் சமையலறைக்குள் நுழைந்த அன்று, அடிப்பானையில் கை விட்டு உறையை எடுத்தேன். மனசு நிறைந்திருந்தது, யாருக்கும் எதையும் கொடுக்கலாம் போலிருந்தது. கேழ்வரகைத் தட்டிவிட்டுக் கொல்லைக்குக் கொண்டுபோனேன். மாமியார் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு கிணற்றடி நிழலில் உட்கார்ந்திருந்தார். மீன்காரி கூடையைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். அவர் தம் சாட்டைகளை அண்ணாந்து பார்த்தபடி நின்றிருந்தார்.

"தோ, உங்க மூத்த சம்சாரத்துக்குத் தல முடிய வெட்டிவுடுங்க. இனிமே எனக்குப் பயமில்ல" என்று நீட்டினேன்.

அவர் வாங்கவில்லை. உறையைப் பார்த்தார், செடியைப் பார்த்தார், என்னை மட்டும் பார்க்கவில்லை. என்ன இந்த மனிதர் என்று நானே பொத்தானைத் திறந்தேன். உள்ளே செக்கத்தேர் இல்லை. உடைந்து போன ஏர்க்கொழு ஒன்று இருந்தது.

"இன்னாங்க இது?"

மீன்காரிதான் சிரித்துவிட்டாள். "அதுல இன்னாம்மா தேடற? அந்தக் கத்திரி வீராம்பட்டணத்துல கீது. மார்கழியிலயே ஐயா என்னாண்ட குடுத்துட்டாரு. ஒங்க ஊரு செங்கழுநீர் அம்மன் காலடியில போட்டுடு, இந்த வாட்டி தங்கணும்னு வேண்டிக்கோ, வூட்ல ஆருக்கும் சொல்லாதன்னாரு. கூடையில வெச்சு, மேல மீன் வெச்சு மூடிக்கினு போனேன்."

மாமியார் வாயில் கையை வைத்துக்கொண்டார். நான் ஏர்க்கொழுவைப் பிடித்தபடி நின்றேன். மார்கழியிலேயே. மேர் முன்னால் இவர் தட்டிக் காட்டியது இதைத்தான். நான் ஒளித்து வைத்துக் காவல் காத்ததும் இதைத்தான். அம்மன் காலடியில் கிடப்பது தெரிந்துகொண்டே கிணற்றில் பாதாளக் கரண்டியை விட்டுத் துழாவியிருக்கிறார்.

"ஒங்களுக்குத்தான் இதுலல்லாம் நம்பிக்கையே இல்லயே?" என்றேன்.

"இல்ல."

"அப்பறம் இன்னாத்துக்கு?"

அவர் ஒரு இலையைப் புரட்டினார். அதில் பூச்சி எதுவும் இருக்கவில்லை. "போன தடவ வெட்டினது நான்தான?" என்றார்.

அத்தனை வருஷத்தில் அதைப் பற்றி அவர் பேசியது அவ்வளவுதான். எனக்கு அழுகை வந்தது. அழுகையோடு ஆத்திரமும் வந்தது. சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா, இத்தனை மாசம் பயந்து பயந்து செத்தேனே, கட்டின பெண்டாட்டியைவிட ஊர் மேர் பெரிதாய்ப் போய்விட்டாரா என்று, மாமியாரும் மீன்காரியும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வாய்க்கு வந்தபடி திட்டினேன். ஒரு பேச்சுக்கும் அவர் சைகோனை இழுக்கவில்லை. நீண்டு தொங்கிய ஒரு கொப்பை வளைத்து, அதன் நுனியில் இருந்த பொத்தான் பூவை நகத்தால் கிள்ளி என்னிடம் கொடுத்தார்.

தலையில் வைத்துக்கொண்டேன். ஒரு வேளையில் வாடிவிட்டது, அவர் சொன்னபடியே.